சற்குணனின் தட்டு

ஆகஸ்ட் 7, திங்கள்

ஜெலுத்தோங் அடுக்குமாடி, இரண்டாம் லிஃப்ட். கதவு பாதி மூடி மறுபடி திறந்துகொண்டது. சென்சருக்குள் கரப்பான் பூச்சி செத்துக் கிடந்தது. துடைத்துவிட்டு நான்கு முறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன். சரியாகிவிட்டது.

மனைவி புவனா கட்டித் தந்த சப்பாத்தியில் பாதி மீந்தது. காக்காய்களுக்குப் போட்டேன். வலது பக்கக் கடைவாய்ப் பல் சரியில்லை. வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

இரவு கஞ்சி. நேற்றும் கஞ்சிதான். "பல்லு டாக்டர்கிட்ட போனீங்களா?" என்று புவனா கேட்டாள். போனேன் என்றேன். மாத்திரை எங்கே என்றாள். மாத்திரை தரவில்லை, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார் என்றேன். உப்புத் தண்ணீர் போட்டு வைத்துவிட்டாள். கொப்பளிக்க வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஆ ஹோக் போன் செய்தான். மலேசியா தினச் சாப்பாட்டைப் பற்றித்தான்.

இந்த ஆண்டு முழுதும் இந்த டைரியில் வேலைக் கணக்கைத் தவிர ஒன்றும் எழுதியதில்லை. இதை எழுத வேண்டும்போல் இருக்கிறது. செப்டம்பர் பதினாறு பொது விடுமுறையான வருடம் தொடங்கியது இந்தப் பழக்கம். நாங்கள் நான்கு பேர். நான், ஹார்ட்வேர் கடை ஆ ஹோக், அஞ்சல் அலுவலகத்து ரோஸ்லான், என்னோடு பதினெட்டு வருடம் லிஃப்ட் வேலை பார்த்த சற்குணன். சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பி ஜார்ஜ்டவுனில் நான்கு இடத்தில் சாப்பிடுவோம். ஆளுக்கு ஓர் இடம். ஒருவன் தேர்ந்தெடுத்ததை மற்ற மூவரும் மறுப்புச் சொல்லாமல் சாப்பிட வேண்டும்.

சற்குணன் பிப்ரவரியில் இறந்துவிட்டான். இனி மூன்று இடம்தான் என்று நினைத்திருந்தேன்.

"நாலு இடம்தான்," என்றான் ஆ ஹோக். கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தமிழர்கள் நடுவில், அவன் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். தமிழ் எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவான். "சற்குணன் எடத்துக்கு இந்திராணியக் கூப்டிருக்கேன். வர்றேன்னுச்சு." இந்திராணி சற்குணனின் மனைவி.

"அவங்கள ஏன்டா கஷ்டப்படுத்துற?"

"அது கஷ்டப்படல. நீதான் கஷ்டப்படுற மாதிரி இருக்கு."

எனக்கென்ன கஷ்டம்.

ஆகஸ்ட் 19, சனி

பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். பட்டறையில் துளைப்பான் இருந்தது வசதியாகப் போயிற்று. மட்டமான தோல். இழுத்து இழுத்து நீண்டுவிட்டது.

ஆகஸ்ட் 24, வியாழன்

காலை ரொட்டித் துண்டு நெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்தேன். தண்ணீரும் அதன் மேல் நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாற்பது விநாடி. பிறகு இறங்கியது. புவனா அடுப்படியில் இருந்தாள். பார்க்கவில்லை.

இன்று இருபத்தொரு மாடிக் கட்டடத்தில் வேலை. கூண்டின் கூரைமேல் நின்று கம்பிக் கயிற்றுக்குக் கிரீஸ் தடவினேன். கீழே பார்த்தால் இருட்டுக் கிணறு. முப்பது வருடத்தில் ஒருமுறைகூட அந்த இடத்தில் எனக்குக் கால் நடுங்கியதில்லை. இன்றும் நடுங்கவில்லை.

வேலை முடிந்து கிளினிக் போனேன். கூட்டமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

உள்ளே ஒரு சீனக் கிழவியும் நர்ஸும் இருந்தார்கள்.

செப்டம்பர் 2, சனி

தூக்கம் வரவில்லை. எழுதுகிறேன்.

சற்குணனுக்கும் ரொட்டியில்தான் தொடங்கியது. போன வருடம் மே மாதம், லிஃப்ட் மோட்டார் அறையில் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "எறங்க மாட்டேங்குதுடா," என்று நெஞ்சைத் தட்டினான். மெதுவாய்த் தின்றால் என்ன என்று கேட்டு நான் சிரித்தேன். ஆகஸ்டில் அவனுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனேன். மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். வெள்ளையாய் ஏதோ பால் போல அதில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். பத்து நிமிடம் இருந்தேன். அதற்குப் பிறகு வேலை அதிகம். போக முடியவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

பதினாறாம் தேதி எமர்ஜென்சி டியூட்டி என்று ஆ ஹோக்கிடம் சொன்னேன். சரி என்றான். அவ்வளவு சுலபமாக விட்டானே என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் இந்திராணியே போன் செய்தார். பிப்ரவரியில் இடுகாட்டு வாசலில் பார்த்தது. அதற்குப் பிறகு அவர் குரலைக் கேட்டதில்லை.

"அண்ணே, டியூட்டியாமே."

"ஆமாம்மா. மாத்தி விட ஆளில்ல."

"நான் வர்றதால சங்கடமா இருந்தா சொல்லிடுங்க. நான் நின்னுக்கறேன். நீங்க மூனு பேரும் போங்க."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"அப்ப வாங்க. எனக்கு ரோஸ்லான், ஆ ஹோக் ரெண்டு பேரையும் இந்த ஒரு வருசத்துல நல்லாத் தெரியும். உங்களத்தான் பாத்து நாளாச்சு."

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

செப்டம்பர் 15, வெள்ளி

நாளைக்காக ஒத்திகை பார்த்தேன். புவனா வேலைக்குப் போனபின் கோழித் துண்டு ஒன்றை வேகவைத்து, நகக்கண் அளவு வெட்டி, முப்பது தடவை மென்று, ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கினேன். தோளைப் பின்னால் தள்ளிக் கழுத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தால் இறங்குகிறது. ஏழு துண்டு. எட்டாவது துண்டில் நிறுத்திவிட்டேன்.

எடை பார்க்கும் இயந்திரத்தை அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 16, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

ஐந்தரைக்கு ரோஸ்லான் காரோடு வந்தான். முன் இருக்கையில் ஆ ஹோக். பின்னால் இந்திராணி, பச்சைச் சேலை. மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "எளச்சிட்டீங்களேண்ணே," என்றார். நான் சொல்ல நினைத்ததை அவர் முந்திக்கொண்டார்.

வழியெல்லாம் கொடி. கார்களில், கடைகளில், ஒரு நாய்க்குட்டியின் கழுத்தில்கூட. ஜார்ஜ்டவுனில் ஊரே தெருவில் இருந்தது. ஒரு பக்கம் வறுத்த பூண்டின் வாசனை, இன்னொரு பக்கம் ஊதுபத்தி, நடுவில் கடல் காற்று. எந்த வருடமும் இந்த வாசனைக்கே எனக்குப் பசித்துவிடும். இன்று வயிறு கல்லாகிக் கிடந்தது.

முதலில் ரோஸ்லான் முறை. கடலோரத்தில் சாத்தே. கரி அடுப்பின் முன் விசிறிக்கொண்டிருந்த கடைக்கார அம்மாவை அவனுக்கு இருபது வருடமாகத் தெரியும். ரோஸ்லான் பேசுவது மலாய், தமிழில் எழுதிக்கொள்கிறேன். "இந்தத் தடவை அறுபது குச்சி. யாரும் மிச்சம் வைக்கக்கூடாது," என்றான். நான் குச்சியிலிருந்து கறியைப் பல்லால் இழுத்து, வேர்க்கடலைக் குழம்பில் தோய்ப்பதுபோல் குனிந்து, டிஷ்யூவில் துப்பி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நான்கு குச்சி இப்படிப் போயிற்று. வெள்ளரிக்காயை மட்டும் அரைத்து அரைத்து விழுங்கினேன்.

"குணா, ஏன் தண்ணி மேல தண்ணி குடிக்கிற?" என்று என்னைக் கேட்டான் ஆ ஹோக்.

"ஒறைக்குதுடா."

"சாத்தேவா ஒறைக்குது?"

இந்திராணி என்னைப் பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்தார்.

இரண்டாவது ஆ ஹோக் முறை. சந்துக்குள் இருக்கும் கடையில் ஓ சியன், சிப்பி போட்ட முட்டைப் பொரியல். வழவழவென்று இருந்தது. இறங்கியது. ஐந்து வாய் சாப்பிட்டேன். அந்த ஐந்து வாய்க்கு எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. புகை என்றேன். அப்போது கொஞ்சம் தைரியம்கூட வந்தது. ரோஸ்லான் தன் பேரன் தபால்தலை ஒன்றை விழுங்கிய கதையைச் சொன்னபோது எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். இது பல்தான், வயிற்று அமிலம்தான், வயசுதான் என்று பத்து நிமிடம் நிஜமாகவே நம்பினேன்.

மூன்றாவது என் முறை. லிட்டில் இந்தியாவில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் என்றேன். ஆ ஹோக் தெருவிலேயே நின்றுவிட்டான். "வருசா வருசம் நண்டுதான கேப்ப? இப்ப என்னா சீக்காளி சாப்பாடு?" ரோஸ்லான் அவன் முதுகில் லேசாகத் தட்டி நடக்க வைத்தான்.

இடியாப்பம் இறங்கியது.

நான்காவது இடம். சற்குணனுடையது. எப்போதும் அதே நாசி கண்டார் கடை. சோற்றின் மேல் நான்கைந்து குழம்பை வெள்ளமாய் ஊற்றச் சொல்லி, ஆட்டுக்கறியும் வெண்டைக்காயும் வைத்துத் தின்பான். மேசையில் ஐந்து தட்டு வந்தது. நாங்கள் நான்கு பேர்.

ஐந்தாவது தட்டைக் காலி நாற்காலியின் முன் வைத்தான் ஆ ஹோக். பிறகு இந்திராணிதான், "சாப்பாட்ட வீணாக்குனா அவருக்குப் புடிக்காது," என்றார். தட்டை என் பக்கம் நகர்த்தினார். "அண்ணே, நீங்க சாப்டுங்க. நீங்கதான் அவரு கூட ரொம்ப நாளு ஒக்காந்து சாப்டவரு."

மறுக்க முடியவில்லை. மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோற்றைத் தள்ளிவிட்டுச் சின்னத் துண்டாகத் தேடினேன். சின்னத் துண்டே இல்லை. கறியை வாயில் போட்டு மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். "நல்லாருக்கா?" என்று ரோஸ்லான் கேட்டான். பதில் சொல்வதற்காக விழுங்கினேன்.

நின்றுவிட்டது.

தோளைத் தள்ளினேன், கழுத்தைச் சாய்த்தேன். தண்ணீர் குடித்தேன். தண்ணீர் மேலேறி மூக்கு வரை வந்தது. கை கழுவப் போகிறேன் என்று சைகை காட்டிவிட்டுக் கடையின் பின்னாலிருந்த கழுவும் தொட்டிக்குப் போனேன். எச்சில்கூட இறங்கவில்லை. வாய் நிறைய நிறைய வந்தது; துப்பிக்கொண்டே இருந்தேன். கயிறு போல வந்தது. மூச்சு இருந்தது. ஆனால் இந்த மூச்சு எத்தனை நேரத்துக்கு என்று தெரியவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் தட்டு கழுவும் சத்தம், தொலைக்காட்சியில் மலேசியா தின நிகழ்ச்சி.

முதுகில் ஒரு கை விழுந்தது. "குனியுங்க. இன்னும் குனியுங்க. முழுங்கப் பாக்காதீங்க. பொறுத்திருங்க," என்றது இந்திராணியின் குரல். முதுகை மேலிருந்து கீழாக அல்ல, கீழிருந்து மேலாகத் தேய்த்தார். பழகிய கை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கறி முழுதாக வெளியே வந்து தொட்டியில் விழுந்தது. குழாயைத் திறந்துவிட்டார்.

நிமிர்ந்தேன். கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தோம்.

"எத்தன நாளாண்ணே?"

"பல்லும்மா..."

"சாத்தேவ டிஷ்யூல துப்புனத பாத்தேன். கழுத்த அந்தப் பக்கம் சாய்ச்சு முழுங்குறதையும் பாத்தேன். எங்கிட்ட பல்லுன்னு சொல்லாதீங்க. எத்தன நாளா?"

"ஜூன்லேருந்து."

அவர் முகம் கழுவிக்கொண்டார். எண்ணெயோ புகையோ ஒன்றும் படாத முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

"புவனாவுக்குத் தெரியுமா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"திங்கக்கெழம நானே வந்து சொல்றதா, நீங்க சொல்றீங்களா?"

செப்டம்பர் 17, ஞாயிறு

சொல்லவில்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

நேற்று இரவு சொன்னேன். புவனா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. அலமாரி மேலிருந்து எடை இயந்திரத்தை இறக்கினாள். மேலே இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஏறச் சொன்னாள். போன வருடத்தைவிடப் பதினொரு கிலோ குறைவு. என் காலடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாவு ஒட்டிய கையால் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்ங்க. நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன். நீங்க சொல்லாத வரைக்கும் அது இல்லன்னு நானும் நெனச்சிக்கிட்டேன்."

நான் மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

தொண்டை வழியே கேமரா விட்டார்கள். மயக்க மருந்தில் ஒன்றும் தெரியவில்லை. விழித்தபோது டாக்டர், உணவுக்குழாய் ஓரிடத்தில் மிகவும் குறுகியிருக்கிறது, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார். இரண்டு வாரம்.

"பாத்தா எப்படி இருக்கு டாக்டர்?" என்று புவனா கேட்டாள்.

"முடிவு வரட்டும்," என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 30, சனி

சத்து மாவுக் கரைசல், ஆறு வேளை. வேலைக்கு விடுப்பு. ஆ ஹோக் தினமும் வருகிறான். எதுவும் கேட்பதில்லை. எங்கள் வீட்டுக் குழாய், தாழ்ப்பாள், மின்விசிறி எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிறான். நன்றாக இருந்த தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டான்.

என்னைப் பார்க்க ஒருவன் வருகிறான். இதைவிட வேறொன்றும் எழுத முடியவில்லை.

அக்டோபர் 4, புதன்

ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனேன், அதற்குப் பிறகு வேலை அதிகம் என்று முன்னால் எழுதியிருந்தேன். வேலை அதிகம் இல்லை. ஆறு மாதத்தில் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு ஞாயிறும் வீட்டில்தான் இருந்தேன். இரண்டு தடவை ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடம் வரை போய்த் திரும்பினேன். அந்தக் குழாயைப் பார்த்தால் அது எனக்கும் வந்துவிடும் என்று நினைத்தேன். படித்தவன் நினைக்கிற நினைப்பா இது. ஆனால் நினைத்தேன்.

அக்டோபர் 9, திங்கள்

நாளை.

அக்டோபர் 10, செவ்வாய்

இந்திராணியும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புவனாவுக்கு அவர் வந்தது பலம். அறைக்குள் மூவரும் போனோம். புவனாவின் உள்ளங்கை ஐஸ்கட்டி போல இருந்தது.

டாக்டர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். புற்றுநோய் இல்லை. வருடக்கணக்காக வயிற்று அமிலம் மேலேறிப் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, தழும்பு விழுந்து குழாய் இறுகியிருக்கிறது. பலூன் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விரிப்பார்களாம். இரண்டு மூன்று தடவை. மாத்திரை நீண்ட நாளைக்கு. சாப்பிடலாம்.

புவனா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் டாக்டரிடம் நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. இந்திராணி சிரித்தார். "பாத்தீங்களாண்ணே," என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.

புவனா மருந்து வாங்க வரிசையில் நின்றாள். நீளமான வரிசை. நான் தாழ்வாரத்து பெஞ்சில் இந்திராணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார்.

"சந்தோசம்தாண்ணே. தப்பா நெனச்சிக்காதீங்க. அவருக்கும் இதே மாதிரி ஒரு ரூம்புலதான் சொன்னாங்க. இதே மாதிரி மேச. அதான்."

"நான் வரலம்மா," என்றேன். "சற்குணன் படுத்திருந்தப்ப நான் வரல. வேலையெல்லாம் இல்ல. பயம்."

"தெரியும்ணே."

"அவனுக்குத் தெரியுமா?"

தள்ளுவண்டி ஒன்று எங்கள் காலை உரசிப் போயிற்று.

"போன வருசம் மலேசியா தினத்தன்னிக்கு நீங்க மூனு பேரும் போனீங்கல்ல. சாயங்காலம் அவரு உங்களுக்குப் போன் போட்டாரு. என்ன சாப்டீங்கன்னு கேக்கணுமாம். வேற ஒன்னுமில்ல. வாயால ஒரு வாய் சாப்ட முடியாத மனுசன், நீங்க சொல்றதக் கேட்டுக்கிட்டிருக்கணும்னு ஆச."

அந்தப் போனை நான் பார்த்தேன். ஓ சியன் கடையில், மேசையில் சற்குணன் பெயர் ஒளிர்ந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி அதிர்ந்தது. மறுபடி. ஆ ஹோக் யாரென்று கேட்டதற்கு ஆபீஸ் என்றேன். இதை இந்திராணியிடம் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"மூனு தடவ அடிச்சாரு," என்றார் அவர். "நாலாவது தடவ அடிக்கப் போனப்ப நான்தான் போன வாங்கி வச்சேன். எனக்குக் கோவம். அவரு சொன்னாரு, 'குணா லிஃப்ட் ஷாஃப்ட்டுக்குள்ள இருப்பான். அங்க லைன் கெடைக்காது'ன்னு."

பொது விடுமுறை. சாயங்காலம் ஏழு மணி. நாங்கள் எங்கே இருப்போம், எந்தக் கடைக்குப் பின் எந்தக் கடை என்று அவனுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் அதே வரிசையில் எங்களோடு நடந்தவன்.

"மிச்சத்தையும் சொல்லும்மா," என்றேன். "பிப்ரவரி வரைக்கும்."

"கேக்கப் பயமா இருக்கும்ணே."

"இருக்கட்டும்."

செப்டம்பரிலிருந்து தொடங்கினார். அக்டோபரில் குரல் போனது, டிசம்பரில் எழுதிக் காட்டியது, கடைசி வாரம் கையும் ஓய்ந்தது. நடுவில் புவனா மருந்துப் பையோடு வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள். கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் முடிக்கும்போது மணி ஒன்றரை. நான் எழுந்திருக்கவில்லை.